கவிழ்த்தாலும் விழாத போல்ட்

கலாமணி அக்கா என்னிடம் நீட்டிய ஆலங்கீ சாவியின் முனையில் ஒரு போல்ட் உட்கார்ந்திருந்தது. நீளத்தில் ஒரு சீரகம் இருக்கும்.

“கவுத்துப் பாருங்க” என்றார்.

கவிழ்த்தேன். போல்ட் விழவில்லை.

“இப்ப ஆட்டிப் பாருங்க.”

முதலில் மெதுவாக ஆட்டினேன். பிறகு கொஞ்சம் வேகமாக. இடுப்பில் இருக்கும் குழந்தை நாயைப் பார்த்ததும் அம்மாவைக் கவ்விக்கொள்ளுமே, அப்படிக் கவ்விக்கொண்டிருந்தது.

“கிரேகா நஹி, தீதி” என்றார் எம்பிராய்டரி மிஷினுக்கு அடியில் குந்தியிருந்த முன்னா. பீகார்க்காரர். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. விழாது என்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

குன்னத்தூரில் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் இருந்தது அக்காவின் எம்பிராய்டரி யூனிட். கரண்ட் போய்விட்டதால் மிஷின் சத்தம் இல்லை. வாசல் வழியாக வந்த வெயிலில் நூல் தூசி மிதந்துகொண்டிருந்தது. எங்கள் கம்பெனி தைக்கிற குழந்தைகள் டீஷர்ட்டில் இவர்கள் போட்டுக் கொடுத்த யானைகளுக்குக் கண் விட்டுப்போயிருந்தது. ஏன் என்று கேட்டுவரச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் யானையையே மறந்துவிட்டேன்.

“ஏனுங்க எஸ்தரு, ஒரு போல்ட்டப் பாத்தா இந்தச் சிரிப்பு?” என்று கேட்டார் கலாமணி அக்கா.

உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். அதற்கு என் வீட்டுக்காரர் செல்வின் விட்ட ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்டிங் டேபிளில் ஒரு ரயில்

நாசரேத் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, ஒரே கம்பெனியில் இருவரும் சேர்ந்ததைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நான் செக்கிங்கில் சூப்பர்வைசர். செல்வின் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் மேல் அளவு வரைந்து, ஒரே வெட்டில் நூறு சட்டைக்குக் கை, கழுத்து, முதுகு எல்லாம் பிரித்துக் கொடுக்கிற வேலை.

கட்டிங் டேபிளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது மேஜை என்று பெயர்தானே தவிர, ஒரு கல்யாணப் பந்தியையே அதில் உட்கார வைக்கலாம். வழவழவென்று, நூல் பிடித்த மாதிரி நேராக, ஹாலின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போகும்.

சேர்ந்த முதல் வாரமே, ஹாலில் ஆள் இல்லாத நேரத்தில், “இதப் பாத்தா ஒனக்கு என்ன தோணுது?” என்று கேட்டார் செல்வின்.

“துணி விரிக்கணும்னு தோணுது.”

“எனக்கு ரயில் விடணும்னு தோணுதுட்டி.”

விட்டார். அதுதான் அவருடைய குணம். துணிப் பேல்களைக் கட்டி வருகிற பட்டைத் தகரத்தைச் செங்குத்தாக நிறுத்தித் தண்டவாளம் செய்தார். பழைய கேசட் பிளேயர்களை எடைக்கு வாங்கிவந்து பிரித்தார். அதற்குள் இருக்கும் கனத்த சக்கரங்கள் இன்ஜினுக்குச் சக்கரமாயின. அதன் மோட்டாரே இதற்கும் மோட்டார். சக்கரத்துக்குச் சக்கரம் பித்தளைத் தண்டு கொடுத்து இணைத்து, நீராவி இன்ஜினில் ஏறி இறங்குமே, அப்படி ஏறி இறங்க வைத்தார். அந்தத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தவை அதே கேசட் பிளேயரிலிருந்து கழற்றிய ஸ்க்ரூக்கள். இரண்டு எம்எம் பருமன்.

ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி சாவி கொடுப்பார். டேபிளின் இந்தக் கோடியில் செல்வின் பேட்டரி வயரைத் தொட வைப்பார். மூன்று தகரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வண்டி அந்தக் கோடிக்குப் போகும்.

எங்கள் காம்பவுண்டில் அவருக்கு மரை கழண்டவர் என்று பெயர். ஒருவகையில் அது உண்மை. ஓடும்போது ஏதாவது ஒரு மரை கழன்று ஸ்க்ரூ தெறித்துவிடும். டேபிளுக்கு அடியில் முழங்காலிட்டுத் தேடுவது என் சோலி.

வெண்ணெய் வைத்தியம்

ஒரு மாசி மாதம், அவசர ஆர்டர் ஒன்று வெட்டிக்கொண்டிருந்தபோது துணி வெட்டும் மிஷின் கத்தியில் செல்வினின் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பாதியோடு போயின.

அந்த நாட்களை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. கம்பெனி வைத்தியம் பார்த்தது. முதலாளி நேரில் வந்து, “வேலயப் பத்தி ரோசனை பண்ணாதீங்க செல்வினு, கொடவுனப் பாத்துக்குங்க” என்றார். கத்தி பிடித்த மனிதர் துணி ரோல்களை எண்ணி உள்ளே விட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். புகார் சொல்லவில்லை. சாப்பிட ஸ்பூன் பழகினார். இடது கையால் கையெழுத்துப் பழகினார்.

ரயிலுக்குத்தான் வழியில்லை. இரண்டு எம்எம் ஸ்க்ரூவைப் பொட்டு வைப்பதுபோல இரண்டு விரல் நுனியில் பிடித்து ஓட்டையில் நிறுத்த வேண்டும். அந்த இரண்டு விரல் நுனிகள்தான் இல்லை. இடது கை இன்ஜினைப் பிடித்திருக்கும். வலது கையில் நடுவிரலையும் மிச்சமிருக்கிற கட்டை விரல் குற்றியையும் வைத்து எடுப்பார். அது நழுவும். எடுப்பார். நழுவும்.

நான் மாட்டிக் கொடுக்கிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அடுத்த முறை கேட்கவில்லை. ரயில் செய்கிறவருக்குச் செய்வதில்தான் இருக்கிறது எல்லாம். ஓடுவது கடைசியில் கிடைக்கிற கொசுறு.

காந்தம் ஏற்றிய திருப்புளி வாங்கிவந்தேன். ஸ்க்ரூ ஒட்டியது, ஆனால் சாய்ந்து ஒட்டியது. பிறகு எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. செக்கிங்கில் என்னோடு இருந்த ஊத்துக்குளிப் பெண் வாரா வாரம் வெண்ணெய் கொண்டுவருவாள். திருப்புளி முனையில் துளி வெண்ணெயைத் தொட்டு வைத்தேன். ஸ்க்ரூ அழகாக நின்றது. செல்வினின் முகத்தில் கூட ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த வருடத்துப் பங்குனி வெயில். ஓட்டைக்குப் பக்கத்தில் போவதற்குள் வெண்ணெய் உருகி, ஸ்க்ரூ அவர் மடியில் விழுந்தது. அன்றைக்கு இன்ஜின் முழுக்க நெய் வாசனை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவர் இன்ஜினைத் துடைத்து, ஒரு மஞ்சப் பையில் போட்டு, ஆணியில் மாட்டினார்.

“ஆலங்கீ போல்ட்னா கீயிலேயே நிக்கும்” என்றார், பையைப் பார்த்துக்கொண்டே. “பெரிய மிஷின்ல எல்லாம் அதான் போடுவாவ. இத்துனூண்டு சைசுல எவன் செய்யுதான்?”

ஆலங்கீ என்பது ஆறு பட்டைக் கம்பியை மடக்கிச் செய்த சாவி. போல்ட்டின் தலையில் அதே ஆறு பட்டைக்கு ஒரு குழி இருக்கும். கம்பி குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். விரல் நுனியே வேண்டாம்.

எவன் செய்கிறான் என்று அவர் கேட்டது தனக்குத்தானே. நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

“எந்த மிசினுக்குங்க?”

சாம்பிள் இல்லாமல் திருப்பூரில் ஒரு வேலையும் நடக்காது. பையிலிருந்து ஒரு சக்கரத்தை மட்டும் செல்வினுக்குத் தெரியாமல் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் விளிம்பில் அவர் மரை வெட்டிய ஓட்டை இருந்தது. அதில் ஏறுகிற போல்ட்தான் எனக்கு வேண்டும்.

முதலில் தையல் மிஷின் உதிரிபாகக் கடை. ஊரில் தெருவுக்கு ஒன்று இருந்தது. கல்லாவில் இருந்த பெரியவர் கும்பிட்டு உட்காரச் சொன்னார்.

“சொல்லுங்க அம்மிணி, எந்த மிசினுக்குங்க? ஓவர்லாக்கா, பேட்லாக்கா?”

“ரயிலுக்குங்க.”

அவர் முகம் மாறவே இல்லை. “ரயிலுக்குங்களா” என்று சொல்லிவிட்டு, சின்னச் சின்ன டிராயர்களை இழுக்க ஆரம்பித்தார். ஊசியைப் பிடிக்கிற ஸ்க்ரூ, பல்லைப் பிடிக்கிற ஸ்க்ரூ, தட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் சக்கரத்தில் வைத்துத் திருகினேன். ஒரு சுற்று போகும், நின்றுவிடும்.

“மரை வேறீங்க” என்றார். “தையல் மிசின் மரை எதுலயும் சேராதுங்க. அதுக்கு அது மட்டுந்தான்.”

ஊரில் லட்சக்கணக்கான ஸ்க்ரூ நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வேண்டிய ஒன்று அதில் இல்லை.

வாட்ச் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவை கண்ணுக்கே தெரியவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஏறக்குறைய சரியாக ஒன்று இருந்தது, ஆனால் தலையில் வெறும் கீறல். செல்போன் சர்வீஸ் கடைகள் அப்போது மழைக்காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே நட்சத்திரத் தலை வைத்த ஸ்க்ரூவைக் காட்டினார்கள். இதுவும் கீயில் நிற்குமோ என்று உயிர் துடித்தது. போட்டுப் பார்த்தால் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது.

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

என் அப்பா சாத்தான்குளம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ரஸ் குண்டுகளை உருட்டிக் கழுவுகிற வேலையைச் சண்டை போட்டு வாங்கிக்கொள்வேன். பொம்பளப் புள்ளைக்கு இது என்ன சோலி என்று அம்மா இழுத்துக்கொண்டு போவாள். கல்யாணம், வேலை, வாடகை என்று ஓடியதில் அந்தச் சிறுமியை எங்கேயோ விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவள் இந்தக் கடைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

கோயமுத்தூருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சொல்வது? ஹார்டுவேர் கடைகள் இருக்கிற தெருவில் முக்கால்வாசி பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒரு கடையில் தரையிலிருந்து கூரை வரை தகரப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு பெட்டியைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார். கேழ்வரகை முறத்தில் கொட்டினால் வருமே, அந்தச் சத்தம். பிளேனாக, உருண்டைத் தலையாக, பித்தளையில், கறுப்பில், நீலம் பூத்ததில். எனக்குச் சேலைக் கடைக்குள் வந்த மாதிரி இருந்தது.

“ஆலங்கீல மூணு எம்எம் வரைக்கும் இருக்குதுங்க” என்றார் அவர். சக்கரத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “ரெண்டு எம்எம் நாங்க கண்ணுல பாத்ததில்லீங்க. எதுக்குங்க இது, வாட்டர் மீட்டருங்களா?”

“ரயிலுங்க.”

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். பக்கத்துக் கடைக்காரர் தன் தம்பியைக் கூப்பிட்டார். மூன்று பேரும் சேர்ந்து என்னோடு தேடினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடைகளையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியபோது கையெல்லாம் கிரீஸ், சேலையில் துரு. வீட்டுக்கு வந்ததும் செல்வின் கேட்டார்.

“எங்கன போய்ட்டு வார?”

“கோயமுத்தூர்ல சேலை பாக்க.”

என் சேலையை மேலும் கீழும் பார்த்தார். சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

மறுபடியும் குன்னத்தூர்

இப்படி எல்லா வாசலும் அடைபட்ட பிறகுதான் கண் இல்லாத யானைகள் என்னைக் குன்னத்தூருக்கு அனுப்பின.

கலாமணி அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். தோட்டத்துக்காரக் குடும்பம். மஞ்சள் விலை விழுந்த ஒரு வருடத்தில், வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டபோதும், பிடிவாதமாக அந்தக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினை வாங்கிப் போட்டவர். கண் விட்டுப்போனதற்குக் காரணம் ஒரு சென்சார் என்று சொல்லி, முன்னாவைக் கழற்றிக் காட்டச் சொன்னார். முன்னா ஒல்லியான ஒரு கீயை உள்ளே விட்டுத் திருகினார். வெளியே எடுத்தபோது அதன் முனையில் போல்ட் தானாக உட்கார்ந்து வந்தது. அதைத்தான் அக்கா வாங்கி என்னிடம் நீட்டினார்.

சிரித்து முடித்து, கதை முழுவதையும் சொன்னேன். அக்கா அதை முன்னாவுக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னார். முன்னா தன் வலது கை விரல் இரண்டை மடக்கிக் காட்டி, இதுவா என்பது போல என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

“அந்தச் சக்கரம் இப்ப கையில இருக்குதுங்களா?” என்று கேட்டார் அக்கா.

கைப்பையிலிருந்து எடுத்தேன். போல்ட் இரண்டு எம்எம்மாக இருக்கலாம், இரண்டரையாக இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரை வேறாக இருக்கலாம். தையல் மிஷின் மாதிரி ஒரு சுற்றோடு நின்றுவிடலாம்.

வைத்துத் திருகினேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் எதுவும் தடுக்கவில்லை. வெண்ணெயில் விரல் இறங்குவது போல இறங்கி, தலை சக்கரத்தில் பட்டு நின்றது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. கலாமணி அக்காவைக் கட்டிப்பிடித்தேன் என்று அவர் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

“அது உங்களுக்குத்தானுங்க, கீயும் எடுத்துக்குங்க” என்றார். “சென்சாருக்கு வேற ஒன்னு போட்டுக்கறம். யானைக்கு நாளைக்குக் கண்ணு வெச்சுத் தாட்டி உடறனுங்க.”

ஒரே ஒரு போல்ட்

செல்வின் கொடவுனிலிருந்து வந்து, முகம் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு எவர்சில்வர் தட்டில் சக்கரம், கீ, போல்ட் மூன்றையும் வைத்து அவர் முன் வைத்தேன். பலகாரம் வைப்பது போல.

பார்த்துக்கொண்டே இருந்தார். கீயை எடுத்து, குற்றிக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து உள்ளங்கையில் அமர்த்திக்கொண்டார். அதன் முனையால் போல்ட்டின் தலையைத் தொட்டார். தூக்கினார். போல்ட்டும் கூடவே வந்தது.

இடது கையில் சக்கரத்தை எடுத்தார். ஓட்டையில் வைத்தார். திருகினார். கழற்றினார். மறுபடி திருகினார்.

“எங்கன கிடைச்சிது?”

“யானைக் கண்ணுக்குள்ள இருந்து.”

அவர் எழுந்து போய் ஆணியிலிருந்து மஞ்சப் பையை எடுத்துவந்தார். இன்ஜினைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். ஒரே போல்ட்தான் இருந்தது. அதை முதல் சக்கரத்தில் போட்டுக் கழற்றி, இரண்டாவதில் போட்டுக் கழற்றி, மூன்றாவதில் போட்டார். ஆறு சக்கரத்துக்கும் அந்த ஒரே போல்ட் போய் வந்தது. குழம்பு ஆறிப்போனது. நான் கூப்பிடவில்லை.

“எஸ்தரு” என்றார் தலை நிமிராமல். “இதுல இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

தப்பாக வந்த பாக்கெட்

அக்காவின் எம்பிராய்டரி மிஷினுக்கு சர்வீஸ் பார்க்க சென்னையிலிருந்து ஒருவர் வருவார். அவர் டெல்லியில் சொல்லி வரவழைக்க வேண்டும். சில்லறையாகத் தரமாட்டார்கள், ஆயிரம் போல்ட் கொண்ட முழுப் பாக்கெட்டாகத்தான். எங்களுக்குத் தேவை ஒரு கைப்பிடி. கலாமணி அக்கா அவிநாசி, பெருமாநல்லூர் வரைக்கும் எம்பிராய்டரி யூனிட்காரர்களுக்குப் போன் போட்டார். “அடிக்கடி தொலையற சாமானுதானுங்க, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாமுங்க” என்று சம்மதிக்க வைத்தார்.

பாக்கெட் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று நான் பாதி நாள் லீவு போட்டுக் குன்னத்தூர் ஓடினேன். அக்கா கத்தரியால் கவரை வெட்டினார். மேஜையில் கொட்டினார்.

கேட்டது நாலு எம்எம் நீளம். வந்திருந்தது பத்து.

அக்கா உடனே சென்னைக்குப் போன் போட்டார். “ஏனுங்க, நாங்க கேட்டதென்ன, நீங்க தாட்டி உட்டதென்ன?” குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். அடுத்த முறை பார்க்கலாமாம். மற்ற யூனிட்காரர்கள் எல்லோரும் நயமாக விலகிக்கொண்டார்கள். “இந்த நீளம் நமக்கு ஆகாதுங்களே அக்கா.”

“பாதி நான் வெச்சுக்கறனுங்க” என்றார் கலாமணி அக்கா. “உங்களத் தனியா மாட்டி உட மாட்டேன்.” அவருக்கு அந்தப் போல்ட்டால் எந்தப் பயனும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் அந்தப் பொட்டலம் கனத்தது. நாலு எம்எம் தடிமன் வேலைக்குப் பத்து எம்எம் போல்ட்டைப் போட்டால் பின்னால் துருத்திக்கொண்டு சட்டத்தில் இடிக்கும், சக்கரம் சுற்றாது. அந்த அளவுக்கு நானே கற்றிருந்தேன். இந்த இரண்டு மாதமும் செல்வின் வீட்டுச் சுவரில் பென்சிலால் இன்ஜினை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். இதை எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கீயில் குத்தி எடுத்தார். அளவு பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

“சரி” என்றார். “அப்ப வண்டியப் பெருசாக்கிருவோம்.”

அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. கெட்ட செய்தி கேட்ட குரலே அல்ல. லாட்டரி விழுந்தவர் குரல்.

இரண்டு இரண்டு சக்கரங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். தண்டுகளைத் தடித்த பித்தளையில் வெட்டினார். பத்து எம்எம் போல்ட் அதற்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. வெளியே தெரிகிற இடத்தில் எல்லாம், தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு போல்ட் போட்டார். கறுத்த தலைகள் வரிசையாக, கம்மல் போட்ட மாதிரி இருந்தது இன்ஜின். அத்தனையையும் அவர் கையாலேயே போட்டார்.

மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் போன தையல் மிஷின் உதிரிபாகக் கடைப் பெரியவரிடம் போய்க் காட்டினேன். அவர் ஒரு போல்ட்டை அட்டையில் ஒட்டிக் கடையில் தொங்கவிட்டு, வருகிறவர்களிடம் வேண்டுமென்றால் என்னைக் கேட்கச் சொன்னார். ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஊத்துக்குளியிலிருந்து கேமரா ரிப்பேர் செய்கிறவர். கொமரலிங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த வாத்தியார், வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கி செய்கிறவர். பொம்மை விமானம் விடுகிற சாயப்பட்டறை மேனேஜர். ஒவ்வொருவரும் கையில் ஓட்டை போட்ட ஏதோ ஒரு துண்டைக் கொண்டுவந்து, கொஞ்சம் வெட்கத்தோடு நீட்டினார்கள். இத்தனை பேர் இந்த ஊர்களில் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கலாமணி அக்காவின் பாதியும் கரைந்து, வருடம் ஒரு முறை இரண்டு பேரும் சேர்ந்து புதுப் பாக்கெட் வரவழைக்கும்படி ஆனது. இப்போது நீளத்தை இரண்டு தடவை எழுதி அனுப்புகிறோம்.

ஆயுத பூஜை

பெரிய இன்ஜின் தயாரானபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

திருப்பூரில் அன்றைக்குக் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். கத்திக்கும் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு. பொரியும் கடலையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்.

முதலாளிதான் கேட்டார். “செல்வினு, உங்க ரயிலு எங்கீங்க? அதுவும் ஆயுதந்தானுங்க, எடுத்துட்டு வாங்க.”

டேபிளின் முழு நீளத்துக்கும் தண்டவாளம் போட்டோம். இன்ஜினுக்கும் யாரோ சந்தனம் வைத்தார்கள். பின்னால் ஐந்து பெட்டிகள். தையல் செக்ஷன், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லோரும் டேபிளைச் சுற்றி நின்றார்கள். முதலாளி ஒவ்வொரு பெட்டியிலும் பொரியை அள்ளி நிரப்பினார். முதல் பெட்டியின் உச்சியில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

கலாமணி அக்காவும் முன்னாவும் குன்னத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா பட்டுச் சேலையில். முன்னா டேபிளின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணை இன்ஜினின் சக்கரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றார்.

நான் எதிர்க்கோடியில் நின்றேன். வண்டி கீழே விழாமல் பிடிக்க ஆள் வேண்டுமே.

செல்வின் வயரைத் தொட வைத்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பித்தளைத் தண்டுகள் ஒரே சமயத்தில் எழுந்து இறங்கின. கறுப்புத் தலைகள் சேர்ந்து சுழன்றன. டக்டக்கென்று பட்டைத் தகரத்தின் மேல் ஏறிக்கொண்டு, பொரியை இரண்டு பக்கமும் சிந்திக்கொண்டு, அத்தனை பேர் முகத்தையும் கடந்து அது என்னை நோக்கி வந்தது. பாதி வழியில் கைதட்டல் ஆரம்பித்தது. நான் சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் கழலவில்லை.

என் உள்ளங்கையில் வந்து இடித்து நின்றது. மோட்டார் சூடாக இருந்தது, குழந்தையின் நெற்றி மாதிரி. பேக்கிங் பெண்கள் பாய்ந்து பொரியை அள்ளினார்கள். வாழைப்பழத்தை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

பின்னோக்கிப் போக இன்ஜினுக்குத் தெரியாது. அதனால் தூக்கித் திருப்பி வைத்து, பெட்டிகளைக் கோத்து, நான் ஒரு வயரைத் தொட வைத்து அனுப்பினேன். அந்தப் பக்கம் போனதும் செல்வின் வலது கையை நீட்டிப் பிடித்தார். பொரி நிரப்பித் திருப்பி அனுப்பினார். அப்படியே போவதும் வருவதுமாக, மூட்டை காலியாகிற வரைக்கும்.

கம்பெனியில் நாலு பேர் முன்னால், வீட்டில் கூப்பிடுகிற ‘ட்டி’யை விட்டுவிட்டு, என் பெயரோடு மேடம் சேர்த்துத்தான் செல்வின் கூப்பிடுவார். அத்தனை வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. நான் கை வலித்துக் கொஞ்சம் நிறுத்தியபோது, முதலாளியும் ஊழியர்களும் நிற்கிறார்கள் என்பதையே மறந்து, அந்தக் கோடியிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

“என்னட்டி நிக்க? வண்டிய அனுப்பு.”

அனுப்பினேன்.